இரண்டு கடை, ஒரே சரக்கு

பெரியவள்: எவ்வளவு காட்டுது?

சின்னவள்: தொண்ணூத்தி அஞ்சு.

பெரியவள்: பார்த்தியா. சும்மா ஊரைக் கூட்டுறியே.

சின்னவள்: அக்கா, தொண்ணூத்தி அஞ்சு உயிரோட இருக்கிறவங்க சூடு இல்ல.

பெரியவள்: அப்ப ரெண்டு மூணு கூட்டிப் போட்டுக்கோ.

சின்னவள்: தர்மாமீட்டரை எதுல முக்கினீங்க?

பெரியவள்: நான் எதுல முக்கப் போறேன்...

சின்னவள்: தலைமாட்டுல தண்ணி டம்ளர். மேசையெல்லாம் ஈரம். குடிச்சதுன்னு சொல்லாதீங்க, உதடு காஞ்சு வெடிச்சுக் கிடக்கு.

பெரியவள்: நீ கம்பளிக் கடையில உக்கார வேண்டியவ இல்லடி. போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வேண்டியவ.

சின்னவள்: வாயைத் திறங்க. இந்தத் தடவை நானே பிடிச்சுக்கிறேன்.

பெரியவள்: கீழ கடையில யாரு இருக்கா?

சின்னவள்: யாரும் இல்ல. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு வந்தேன்.

பெரியவள்: பட்டப்பகல்லயா... வாங்க வர்றவங்க வீட்டுல யாரோ போயிட்டாங்கன்னு நினைச்சுக்குவாங்க.

சின்னவள்: நினைக்கட்டும். அது நிஜமாயிடக் கூடாதுன்னுதான் மேல ஏறி வந்தேன். வாயைத் திறங்கக்கா.

பெரியவள்: ம்ம்... ம்.

சின்னவள்: பேசாதீங்க. ஊர்ல ஓரகத்திங்க ஒருத்தி முகத்துல ஒருத்தி முழிக்க மாட்டாங்க. நான் உங்க நாக்குக்கு அடியில காவல் நிக்கிறேன். ஏன் நாலு கம்பளி போத்தியிருக்கீங்க?

பெரியவள்: ம்... சரக்கு சோதிக்கிறேன்.

சின்னவள்: வாயை மூடுங்க.

பெரியவள்: நீதானே கேட்ட. குளிர் தாங்கலைன்னு போன மார்கழியில ஒருத்தி திருப்பிக் கொண்டுவந்து போட்டாளே, அது நிஜமான்னு...

சின்னவள்: வெளியில வெயில் மண்டையைப் பிளக்குது. உங்களுக்குப் பல்லு கடகடன்னு அடிச்சுக்குது. கம்பளி மேல பழி போடாதீங்க... குடுங்க அதை. அய்யோ.

பெரியவள்: என்ன?

சின்னவள்: நூத்தி ரெண்டரை.

பெரியவள்: நூறுன்னு வச்சுக்குவோம்.

சின்னவள்: காய்ச்சல்ல பேரமா?

பெரியவள்: சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். நூத்தி ஒண்ணு. படியலைன்னா நீ உன் வழியப் பாரு.

சின்னவள்: சிரிக்க வைக்காதீங்க. ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்பும்போது அந்த நர்ஸ் என்ன சொன்னாங்க? கர்ப்பப்பை எடுத்த உடம்பு, காய்ச்சல் வந்தாலும் சரி, அடிவயித்துல வலி வந்தாலும் சரி, கெட்ட வாடை வந்தாலும் சரி, யோசிக்காம வந்துடணும்னு சொன்னாங்களா இல்லையா?

பெரியவள்: மூணுல ஒண்ணு வந்தாத்தான்னு சொன்னா.

சின்னவள்: உங்களுக்கு மூணும் வந்திருக்கு.

பெரியவள்: யாரு சொன்னது மூணும்னு?

சின்னவள்: கையை எதுக்கு வயித்துமேல அழுத்திப் பிடிச்சிருக்கீங்க?

பெரியவள்: என் வயிறு, என் கை.

சின்னவள்: ஜன்னலை ஏன் திறந்து வச்சிருக்கீங்க, இவ்வளவு குளிரும்போது?

பெரியவள்: அந்துருண்டை வாடை. கம்பளிக்குள்ள போட்டது. மூச்சு முட்டுது.

சின்னவள்: அக்கா... அந்துருண்டை வாடைலேயே நான் குடித்தனம் நடத்துறேன். எனக்குத் தெரியாதா. இது அது இல்ல.

பெரியவள்: பின்ன எது?

சின்னவள்: மீன் கழுவின தண்ணி மாதிரி. கோவப்படாதீங்க.

பெரியவள்: போய் மாடியில நின்னு கத்து. என் உடம்புல என்ன வாடை அடிக்குதுன்னு தெருவுல ஏலம் போடு.

சின்னவள்: நான் உங்க காதுலதானே சொன்னேன்.

பெரியவள்: நல்லாக் குளிச்சா போயிடும். காலையில ரெண்டு தடவை கழுவினேன்.

சின்னவள்: என்ன போட்டு?

பெரியவள்: அந்த வாசனை சோப்புதான்.

சின்னவள்: தையல் போட்ட உடம்புலயா? உள்ளயுமா?

பெரியவள்: வெளியில மட்டும் துடைச்சா கடை சுத்தமாயிடுமா?

சின்னவள்: கடவுளே. சரி, பேசி ஆகப்போறது இல்ல. நான் போன் போடுறேன்.

பெரியவள்: யாருக்கு?

சின்னவள்: வார்டு நர்ஸுக்கு. நம்பர் குடுத்தாங்கல்ல.

பெரியவள்: போனை வை. ஏய்... வைடி அதை.

சின்னவள்: மணி அடிக்குது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், மரியாதையாப் பேசுங்க.

நர்ஸ்: சொல்லுங்க, பெண்கள் வார்டு.

சின்னவள்: சிஸ்டர், நான் கம்பளிக் கடையிலேருந்து பேசுறேன். எங்க அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்தீங்கல்ல, கட்டில்ல உக்காந்துட்டே உங்களுக்குப் போர்வை விக்கப் பார்த்தாங்களே...

நர்ஸ்: அவங்களா. இன்னும் குளிர்காலம் வரலைன்னு சொல்லுங்க. என்ன விஷயம்?

சின்னவள்: காய்ச்சல் நூத்தி ரெண்டரை...

பெரியவள்: நூத்தி ஒண்ணு, சிஸ்டர். இவ எதையும் கூட்டித்தான் சொல்லுவா.

நர்ஸ்: நடுக்கம் இருக்கா?

பெரியவள்: கொஞ்சம்.

சின்னவள்: கட்டிலே ஆடுது, சிஸ்டர்.

நர்ஸ்: ரத்தம், சீழ், வெள்ளை... ஏதாவது படுதா?

பெரியவள்: இல்ல.

நர்ஸ்: இல்லையா, பார்க்கலையா?

பெரியவள்: துணி மாத்துறேன். அதுக்கு மேல கேக்காதீங்க.

நர்ஸ்: சரி, கேக்கல. இப்பவே கிளம்பி வாங்க. சாயங்காலம் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம்ங்கிறது வேண்டாம்.

சின்னவள்: என்ன ஆயிருக்கும், சிஸ்டர்?

நர்ஸ்: கர்ப்பப்பையை எடுத்துட்டு, கீழ பாதை முடியிற இடத்துல மூடித் தச்சிருக்கோம். அந்தத் தையல்ல கிருமி பிடிச்சிருக்கலாம். உள்ள இருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது. அங்கயே நின்னா மருந்துக்கு அடங்கும். ரத்தத்துல ஏறிட்டா நம்ம கையில இல்ல. வண்டி இருக்குல்ல?

சின்னவள்: இருக்கு. மாமா, அதான் அக்கா வீட்டுக்காரர், கிடங்குலேருந்து வந்துட்டு இருக்கார்.

நர்ஸ்: வாயில ஒண்ணும் குடுக்காதீங்க. திரும்பவும் உள்ள பார்க்க வேண்டி வந்தாலும் வரும். வாங்க.

சின்னவள்: கேட்டீங்களா?

பெரியவள்: கேட்டேன். நான் வரல.

சின்னவள்: ரத்தத்துல ஏறிட்டா...

பெரியவள்: கேட்டேன்னு சொல்றேன்ல.

சின்னவள்: செத்துப் போயிடுவீங்கக்கா.

பெரியவள்: எல்லாருந்தான் போகப் போறாங்க. நான் கொஞ்சம் முந்திக்கிறேன்.

சின்னவள்: இது விளையாட்டா உங்களுக்கு? மொத்த வியாபாரி எவன் வந்தாலும், ஒரு மடிப்பைப் பிரிச்சுப் பார்த்து நூல் இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவீங்க. உங்க உயிரை மட்டும் பிரிச்சே பார்க்காம தூக்கிக் குடுக்கிறீங்க.

பெரியவள்: ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். சோதிப்பாங்க. என்ன கிருமின்னு சொல்லுவாங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க.

சின்னவள்: கேக்கட்டுமே.

பெரியவள்: எனக்கு அது தெரிய வேண்டாம்.

சின்னவள்: ஏன்?

பெரியவள்: சில மூட்டையைப் பிரிக்காம வச்சாத்தான் வீடு நிக்கும்.

சின்னவள்: புரியலை... ஆரன் அடிக்குது. மாமா வந்துட்டார். எழுந்திருங்க, நான் தோள்ல தாங்கிக்கிறேன்.

பெரியவள்: அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்.

சின்னவள்: எந்த வண்டியில?

பெரியவள்: வாசல்ல நிக்குதே, அதுல. பாடையில வேணா ஏறுறேன்.

சின்னவள்: வண்டி என்னக்கா பண்ணிச்சு உங்களை?

பெரியவள்: உக்காரு. ஒரு வியாபாரக் கேள்வி கேக்குறேன்.

சின்னவள்: கேள்விக்கு இப்ப நேரமா? கீழ அவர்...

பெரியவள்: காத்திருக்கட்டும். எனக்கு மூச்சு வாங்குது, குறுக்க பேசாத. ஒரு தெருவுல ரெண்டு கடை. ரெண்டுலயும் ஒரே சரக்கு. ஊர்ல வேற எங்கயும் கிடைக்காத சரக்கு. என்ன அர்த்தம்?

சின்னவள்: கொள்முதல் ஒரே இடம்.

பெரியவள்: சபாஷ். யோசிக்கவே இல்ல பாரு. நான் பழக்கின ஆளு.

சின்னவள்: இதை எதுக்கு இப்ப...

பெரியவள்: உன் அலமாரியில, சேலை மடிப்புக்கு அடியில, ஒரு மாத்திரை அட்டை. பச்சைக் கட்டம் போட்டது. நான் தேடிப் போகல. உனக்குக் காய்ச்சல்னு படுத்தியே, அப்புறம் ஒரு நாள் போர்வை மாத்தலாம்னு எடுத்தேன். கையில வந்துச்சு. எனக்கு என்ன தெரியும். தலைவலி மாத்திரைன்னு திருப்பி வச்சுட்டேன். அப்புறம் எனக்கு ஆபரேஷன்னு தேதி குறிச்சாங்க. டாக்டரம்மா பஞ்சு விட்டுச் சோதிச்சா. உள்ள ஒரு கிருமி கூடியிருக்கு, அதை அடக்கிட்டுத்தான் கத்தி வைக்கணும்னா. மாத்திரை எழுதிக் குடுத்தா. மருந்துக் கடையில வாங்கிப் பார்க்கிறேன்... பச்சைக் கட்டம்.

சின்னவள்: அக்கா.

பெரியவள்: எனக்கு ஒரே புருஷன். உன் புருஷன் மாசக்கணக்கா கொள்முதலுக்கு ஊர் ஊரா அலையிறவன். வீட்டுல இருக்கிற ஆம்பளை ஒருத்தர்தான். கணக்குப் போடப் பள்ளிக்கூடம் போகணுமா?

சின்னவள்: என்ன சொல்றீங்கன்னு... தெரிஞ்சுதான் சொல்றீங்களா?

பெரியவள்: நான் ஒண்ணும் சொல்லலையே. சொல்லியிருந்தா வீடு ரெண்டாயிருக்கும். வாயை மூடிக்கிட்டேன். டாக்டர் ஒண்ணு கிடக்க ஒண்ணு சொல்லி, அது என் காதுல விழுந்துட்டா, அப்புறம் தெரியாத மாதிரி உன் கையால தண்ணி வாங்கிக் குடிக்க முடியாது.

சின்னவள்: மாமா எனக்கு அப்பா மாதிரிக்கா.

பெரியவள்: 'ஒரே விலை'ன்னு எல்லாக் கடையிலயுந்தான் போர்டு தொங்குது, உள்ள பேரம் நடக்காமலா இருக்கு.

சின்னவள்: ச்சீ. காய்ச்சல் உங்க வாயில பேசுது. இல்லைன்னா இப்பவே இறங்கிப் போயிடுவேன்.

பெரியவள்: போ. யாரு பிடிச்சா?

சின்னவள்: போக மாட்டேன். கேளுங்க. அது ஆம்பளை குடுத்துட்டுப் போற கிருமி இல்ல.

பெரியவள்: உனக்கு யாரு சொன்னா?

சின்னவள்: எனக்குப் பார்த்த டாக்டர். நானும் உங்களை மாதிரியே பயந்து, மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுக் கேட்டேன். அவங்க சிரிச்சாங்க. எல்லாப் பொம்பளைக்கும் உள்ள நல்ல கிருமி உண்டாம். அது இருக்கிற வரைக்கும் கெட்டது தலை தூக்காதாம்.

பெரியவள்: கிருமியில நல்லது கெட்டதா.

சின்னவள்: நம்ம கடைத்தெரு மாதிரி நினைச்சுக்கோங்க. பெரிய கடைக்காரங்க எல்லாம் கடையைத் திறந்து வச்சு உக்காந்திருந்தா, வழிப்பறிக்காரன் வருவானா? ஏதோ காரணத்துல அவங்க ஷட்டரை இறக்கிட்டா, காலி வாசல்ல கண்டவனும் பாய் விரிச்சுடுவான். அவ்வளவுதான். கல்யாணமே ஆகாத பொண்ணுக்குக் கூட வர்றதுண்டாம்.

பெரியவள்: ஷட்டரை யாரு இறக்குறது?

சின்னவள்: என்னென்னவோ சொன்னாங்க. அதுல ஒண்ணு, சோப்புப் போட்டு உள்ள வரைக்கும் கழுவுறது. கெட்டது போகணும்னு கழுவினா நல்லதும் சேர்ந்து போயிடுதாம். நீங்க இன்னிக்குக் காலையில ரெண்டு தடவை... திருடனுக்குப் பயந்து காவல்காரனை விரட்டியிருக்கீங்க. சும்மா இருக்கிற உடம்புல அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். உள்ள புதுசா வெட்டுக் காயம் இருக்கிற உடம்புல அது போய் காயத்துல உக்காந்துக்கும். அதனாலதான் முன்னாடியே மாத்திரை குடுத்தாங்க. மாத்திரை சாப்பிட்டீங்கல்ல?

பெரியவள்: அட்டையைத்தான் குப்பையில பார்த்தியே.

சின்னவள்: பார்த்தேன். காலியாத்தான் இருந்துச்சு. அதையும் மீறி வந்திருக்குன்னா அதுதான் எனக்குப் பயமா இருக்கு. எழுந்திருங்க.

பெரியவள்: இவ்வளவு விவரம் உனக்கு எதுக்குத் தெரிஞ்சுச்சு?

சின்னவள்: எதுக்குன்னா...

பெரியவள்: எனக்காவது வயித்துல கட்டி, எடுக்கணும்னாங்க. உனக்கு எதுக்குடி டாக்டர் உள்ள பார்த்தா? எதுக்குப் பச்சை மாத்திரை? எதுக்குச் சேலைக்கு அடியில?

சின்னவள்: போற வழியில சொல்றேன்.

பெரியவள்: அந்த வண்டியிலயா. அதுல வச்சுத்தானே எல்லாம் நடந்துச்சு.

சின்னவள்: என்ன நடந்துச்சு?

பெரியவள்: நம்ம வண்டி ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னதைப் பார்த்தவங்க இருக்காங்க. முன் சீட்டுல நீ. சாயங்காலம் அவரைக் கேட்டேன், எங்க போனீங்கன்னு. கிடங்குலதான் இருந்தேன்னார். முகத்தைப் பார்க்கல. மறுநாள் விடிஞ்சதும் எழுந்து போய் வண்டி சீட்டைக் கழுவிட்டு இருந்தார். குழாயைத் திறந்துவிட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு... அந்த வண்டி வாங்கினதுலேருந்து அது மேல ஒரு ஈரத்துணி போட்டதில்ல அந்த மனுஷன். பறவை எச்சத்தோடயே ஓட்டுவார். என்னத்தைக் கழுவினார்?

சின்னவள்: அக்கா, காய்ச்சல் ஏறுது உங்களுக்கு. நெத்தி சுடுது.

பெரியவள்: கையை எடு. என்னத்தைக் கழுவினார்? சொல்லிட்டா வர்றேன். சொல்லலைன்னா இந்தக் கட்டில்லயே கிடக்கிறேன். இதுதான் கடைசி விலை.

சின்னவள்: ரத்தம்.

பெரியவள்: யாரோட ரத்தம்?

சின்னவள்: என்னோடது. என்னோடது மட்டும் இல்ல.

பெரியவள்: என்னடி சொல்ற...

சின்னவள்: ரெண்டு மாசம் தாண்டியிருந்துச்சு.

பெரியவள்: உனக்கா?

சின்னவள்: உங்க கொழுந்தன் வந்துட்டுப் போனாருல்ல, மழை சமயத்துல. மூணு மாசம் முடியட்டும், வெளியில சொல்லலாம்னு இருந்தேன். வெளியிலன்னா உங்ககிட்டதான். முதல்ல உங்ககிட்ட. எப்படிச் சொல்லணும்னு கூட யோசிச்சு வச்சிருந்தேன். கடையில இருக்கிறதிலேயே சின்னக் கம்பளி ஒண்ணு எடுத்துட்டு வந்து, இதுக்கு என்ன விலைன்னு உங்களைக் கேக்கலாம்னு...

பெரியவள்: அழாம சொல்லு.

சின்னவள்: நீங்க அன்னிக்குச் சந்தைக்குப் போயிருந்தீங்க. கல்லாவுல உக்காந்திருக்கேன், உடைஞ்சு ஊத்திடுச்சு. மாமா பார்த்துட்டார். ஒரு வார்த்தை கேக்கல. கம்பளியைச் சுத்தி வண்டியில தூக்கி வச்சார். போற வழியெல்லாம் ஆரனை அடிச்சுட்டே போனார், காலி ரோட்டுல கூட. தங்காதுன்னு சொல்லிட்டாங்க. உள்ள சுத்தம் பண்ணாங்க. அன்னிக்கே அனுப்பிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு இதே நடுக்கம், இதே வாடை. திரும்பவும் டாக்டர்கிட்ட காட்டினேன், அப்பத்தான் அந்தப் பச்சை மாத்திரை குடுத்தாங்க. பக்கத்து ரூம்ல படுத்துக்கிட்டு, சளிக்காய்ச்சல்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். நீங்கதான் கம்பளி போத்திவிட்டு, காலைப் பிடிச்சுவிட்டீங்க. நான் செத்துடுவேன்னு நினைச்சேன்க்கா. உங்க கையைப் பிடிச்சுட்டுச் சொல்லவும் முடியல.

பெரியவள்: ஏன் முடியல?

சின்னவள்: அந்த வாரம்தானே உங்களுக்கு எடுத்தே ஆகணும்னு டாக்டர் சொன்னாங்க. நீங்க வந்து இந்தக் கட்டில்ல உக்காந்து, 'காலியா இருக்கிற கிடங்குதானே, இடிச்சா இடிச்சுட்டுப் போறாங்க'ன்னு சிரிச்சீங்க. சிரிச்சுட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தீங்க. எனக்கு ஒண்ணு வந்துச்சு, போயிடுச்சுன்னு அந்த முதுகுகிட்ட எப்படிச் சொல்றது? மாமா காலைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன், சொல்லாதீங்கன்னு. பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். கிடங்குன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு வேர்த்துப் போயிருப்பார்.

பெரியவள்: என் கொழுந்தனுக்குத் தெரியுமா?

சின்னவள்: போன்ல சொன்னேன். அழுதார். அவரும் உங்களை நினைச்சுதான்... யாருக்கும் வேண்டாம்னார்.

பெரியவள்: ஒரு வீட்டுல மூணு பேரு சேர்ந்து எனக்குத் தெரியாம துக்கம் கொண்டாடியிருக்கீங்க.

சின்னவள்: திட்டுங்க. வண்டியில ஏறிட்டுத் திட்டுங்க.

பெரியவள்: நான் உன்னைப் பத்தி என்னல்லாம் நினைச்சேன் தெரியுமா. நீ பரிமாறின தட்டை, யாரும் பார்க்காதப்ப, திரும்பவும் கழுவிச் சாப்பிட்டிருக்கேன்.

சின்னவள்: அதான் சோப்பு சீக்கிரம் தீருதா.

பெரியவள்: சிரிக்காத... வலிக்குது. கையைக் குடு.

சின்னவள்: மெதுவா. அய்யோ, என்னக்கா, கால் ஊனவே இல்லையே.

பெரியவள்: விடியும்போதே நிக்கல. சுவத்தைப் பிடிச்சு ஒப்பேத்தினேன். எனக்குப் பயமா இருக்குடி.

சின்னவள்: எனக்குந்தான். படியைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க.

பெரியவள்: நில்லு. அந்தச் சிவப்புக் கம்பளியை எடுத்துக்கோ.

சின்னவள்: போத்திக்கவா?

பெரியவள்: சீட்டுல விரிக்க. அந்த மனுஷன் இன்னொரு தடவை குழாயடியில நிக்க வேண்டாம்.

சின்னவள்: சரி... சாஞ்சுக்கோங்க. மாமா, கதவைத் திறங்க. ஆரனை விடுங்க, வந்துட்டோம்.

பெரியவள்: அவரை மெதுவா ஓட்டச் சொல்லு.

சின்னவள்: வேகமாப் போங்க, மாமா.

•

நர்ஸ்: படுக்க வைங்க. இந்தப் பக்கம் திருப்பாதீங்க. கையை நீட்டுங்கம்மா, ஊசி குத்தப் போறேன்.

சின்னவள்: சிஸ்டர், வண்டியில ரெண்டு தடவை கண்ணு சொருகிடுச்சு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பேசல.

பெரியவள்: பேசினேன். உனக்குக் கேக்கல.

நர்ஸ்: என்ன பேசினீங்க?

பெரியவள்: அந்தச் சின்னக் கம்பளி என்ன விலைன்னு கேட்டேன்.

நர்ஸ்: பிதற்றுறாங்களா?

சின்னவள்: இல்ல சிஸ்டர். தெளிவாத்தான் இருக்காங்க.

நர்ஸ்: டாக்டர் வந்துட்டே இருக்காங்க. அதுக்குள்ள ரெண்டு மூணு கேள்வி. வாடை எப்பேருந்து?

பெரியவள்: வீட்டுக்குப் போன மறுநாள்லேருந்து.

சின்னவள்: அப்பவேவா? என்கிட்ட அந்துருண்டைன்னு சொன்னீங்களே.

நர்ஸ்: நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா. அடிவயித்துல இங்க அமுக்கினா?

பெரியவள்: ஆ... போதும். போதும்.

நர்ஸ்: கழுவினீங்களா உள்ள?

பெரியவள்: இவ எல்லாம் சொல்லிட்டா. காவல்காரனை விரட்டிட்டேனாம்.

நர்ஸ்: ஆபரேஷனுக்கு முன்னாடி பஞ்சு வச்சுப் பார்த்ததுல கிருமி கூடியிருக்குன்னு வந்து, மாத்திரை குடுத்திருக்காங்க. முழுசா முடிச்சீங்களா?

சின்னவள்: முடிச்சுட்டாங்க, சிஸ்டர். ஒரு வேளை விடல. காலி அட்டையை நானே பார்த்தேன். ஆபரேஷன் அன்னிக்குக் காலையில இங்க கேட்டப்பவும் அதைத்தான் சொன்னோம்.

நர்ஸ்: முழுசாச் சாப்பிட்டும் இப்படின்னா, அந்த மருந்துக்கு இது அடங்கலை போல. அப்ப அதை விட்டுட்டு வேற மருந்துக்குப் போகணும். இருங்க, டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிட்டு வர்றேன்.

பெரியவள்: சிஸ்டர்.

நர்ஸ்: என்னம்மா?

பெரியவள்: போகாதீங்க. நில்லுங்க.

சின்னவள்: என்னக்கா? வலிக்குதா?

பெரியவள்: நீ அந்தப் பக்கம் பாருடி. உன் மூஞ்சியைப் பார்த்துட்டுச் சொல்ல முடியாது... சிஸ்டர், ஒரு மாத்திரை கூட என் வாய்க்குள்ள போகல. வேளை தவறாம ஒவ்வொண்ணாப் பிரிச்சு, கை கழுவுற தொட்டியில போட்டுத் தண்ணியத் திறந்துவிட்டேன். அட்டையை மட்டும் இவ கண்ணுல படுற மாதிரி குப்பையில மேலாக வச்சேன். அவ சாப்பிட்டதை நானும் சாப்பிட்டா, நான் நினைச்சது நிஜம்னு ஆயிடும்னு பயந்தேன். அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. காய்ச்சல் நூத்தி ரெண்டரைன்னே சொல்லுங்க... எதையும் குறைக்க வேண்டாம்.